நெல்லையிலிருந்து விமானத்தில் போக உண்மையில் எவ்வளவு நேரம்? தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்குப் போடும் வழி

தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் எவ்வளவு தூரம் என்று தேடிப் பாருங்கள். ஒரு தளம் 528 என்று சொல்லும், இன்னொன்று 328 என்று சொல்லும், வேறொன்றில் 285 என்று இருக்கும். நேரமும் அப்படித்தான், சில தளங்கள் முக்கால் மணி நேரம் என்று போட்டிருக்கும், டிக்கெட்டை எடுத்துப் பார்த்தால் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி வரும். இதில் எதுவும் பொய் இல்லை. 528 கிலோமீட்டர், 328 மைல், 285 கடல் மைல், மூன்றும் ஒரே தூரம்தான். நேரம் மட்டும் ஏன் மாறுகிறது என்பதற்கு வேறு காரணம் இருக்கிறது, அதைக் கீழே பார்ப்போம்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், திருநெல்வேலி நகரத்துக்குள் விமான நிலையம் கிடையாது. கிழக்கே வாகைக்குளம் (அதுதான் தூத்துக்குடி விமான நிலையம்), வடக்கே மதுரை, மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம். மூன்று திசையில் மூன்று. எதில் ஏறுவது என்று டிக்கெட் விலையையும் பறக்கும் நேரத்தையும் மட்டும் பார்த்து முடிவு செய்கிறவர்கள்தான் அதிகம். நான் சொல்வது, வீட்டு வாசலில் கிளம்பி அங்கே போய்ச் சேரும் வீட்டு வாசல் வரை எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். அப்படிப் பார்த்தால் பல நேரம் முடிவு தலைகீழாக மாறிவிடும்.

முதலில் தூரம்

சுலபமான வழி கையில் இருக்கும் போன்தான். கூகுள் மேப்பில் வாகைக்குளம் ரன்வேயின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஒரு குறி விழும், கீழே வரும் விவரங்களில் தூரத்தை அளக்கும் வசதி இருக்கும், அதைத் தொட்டுவிட்டு மேப்பை மீனம்பாக்கம் (சென்னை விமான நிலையம்) வரை நகர்த்தினால் நேர்கோட்டுத் தூரம் வந்துவிடும். இது சாலைத் தூரம் இல்லை, காக்கா பறக்கும் தூரம்.

போன் இல்லாமலும் போடலாம். பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றம் தெரிந்தால் போதும், பிள்ளைகளை உட்கார வைத்துப் போடச் சொல்லலாம், அவர்களுக்கும் பிடிக்கும். அட்சரேகையில் ஒரு டிகிரியை 60 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நிமிடம் (கடிகார நிமிடம் இல்லை, கோணத்தின் நிமிடம்). அந்த ஒரு நிமிடம்தான் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். கப்பல்காரர்களும் விமானிகளும் இன்றைக்கும் கடல் மைலிலேயே பேசுவதற்கு இதுதான் காரணம், வரைபடத்தைப் பார்த்ததுமே தூரம் தெரிந்துவிடும்.

வாகைக்குளம் இருப்பது வடக்கு அட்சரேகை 8 டிகிரி 43 நிமிடம், கிழக்குத் தீர்க்கரேகை 78 டிகிரி 2 நிமிடம். சென்னை விமான நிலையம் 12 டிகிரி 59 நிமிடம், 80 டிகிரி 11 நிமிடம். வடக்கு தெற்காக வித்தியாசம் 4 டிகிரி 16 நிமிடம், அதாவது 256 நிமிடம், 256 கடல் மைல். கிழக்கு மேற்காக வித்தியாசம் 2 டிகிரி 9 நிமிடம், 129 நிமிடம். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கி வருவதால் இதை அப்படியே எடுக்கக் கூடாது, தமிழ்நாட்டு அட்சரேகைக்கு 0.98ஆல் பெருக்கினால் சரியாக இருக்கும், 126 சொச்சம் வரும், 127 என்றே வைத்துக்கொள்வோம். இப்போது 256ஐயும் 127ஐயும் தனித்தனியாக வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். சுமார் 286 கடல் மைல். 1.852ஆல் பெருக்கினால் 530 கிலோமீட்டர். மேப் காட்டும் 528க்கும் இதற்கும் இரண்டே கிலோமீட்டர்தான் வித்தியாசம், பூமி முழு உருண்டையாக இல்லாததால் வரும் பிசிறு அது.

பெங்களூருக்கு இன்னும் சுலபம். கெம்பேகவுடா விமான நிலையம் 13 டிகிரி 12 நிமிடம், 77 டிகிரி 42 நிமிடம். தீர்க்கரேகை வித்தியாசம் வெறும் 20 நிமிடம்தான், அதாவது வாகைக்குளத்துக்கு ஏறக்குறைய நேர் வடக்கே இருக்கிறது. 4 டிகிரி 29 நிமிடம், 269 கடல் மைல், 500 கிலோமீட்டரை ஒட்டி. முடிந்தது.

மற்ற இரண்டு விமான நிலையங்களிலிருந்தும் சென்னைக்கு இருக்கும் தூரத்தைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். மதுரை - சென்னை சுமார் 417 கிலோமீட்டர். திருவனந்தபுரம் - சென்னை சுமார் 613. இன்னொரு சேதி, வாகைக்குளத்திலிருந்து மதுரை விமான நிலையம் நேர்கோட்டில் 123 கிலோமீட்டர், திருவனந்தபுரம் 125. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தூரம். சில தளங்கள் இந்த இரண்டுக்கும்கூட 'விமான நேரம் 40 நிமிடம்' என்று தாமாகவே கணக்குப் போட்டுக் காட்டும். அதைப் பார்த்து விமானம் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டு புள்ளிக்கு நடுவே கோடு போட்டு வேகத்தால் வகுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தேடும்போது குறியீட்டிலும் கவனம் வேண்டும். தூத்துக்குடி விமான நிலையத்தின் குறியீடு டிசிஆர். அதே டிசிஆர் ரயில்வேயில் திருச்சூர். டிஐஆர் என்று போட்டால் திருநெல்வேலி வராது, திருப்பதி வரும். டிஆர்வி திருவனந்தபுரம், டிஆர்இசட் திருச்சி. அவசரத்தில் எழுத்து மாற்றிப் போட்டு டிக்கெட் எடுத்துவிட்டால் மாற்றுவதற்குக் காசு போகும்.

தூரம் தெரிந்தால் நேரம் தெரியுமா?

தெரியாது, என்ன விமானம் என்று தெரிய வேண்டும். பெரும்பாலான தளங்கள் தப்பு செய்யும் இடம் இதுதான், எல்லா விமானமும் ஜெட் என்று வைத்துக்கொண்டு மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் வேகம் போட்டு வகுத்துவிடுகின்றன.

வாகைக்குளத்துக்குப் பல வருடங்களாக வந்து போவது ஏடிஆர் 72. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு காற்றாடி, ஒவ்வொன்றிலும் ஆறு அலகு, எழுபதுக்கு மேல் இருக்கை. பழைய ரன்வே 1,350 மீட்டர்தான் இருந்தது, அதில் ஏர்பஸ், போயிங் எல்லாம் இறங்க முடியாது, இந்த மாதிரிச் சிறிய விமானம்தான் முடியும். இப்போது ரன்வே 3,115 மீட்டர் ஆகிவிட்டது, புது டெர்மினலை 2025 ஜூலை 26 அன்று பிரதமர் திறந்து வைத்தார். அதனால் பெரிய விமானத்துக்கு இடம் தயார். ஆனாலும் நீங்கள் பதிவு செய்யும் நாளில் எந்த விமானம் என்பதை டிக்கெட் பக்கத்தில் விமான எண்ணுக்குப் பக்கத்திலேயே பார்த்துவிடுங்கள், ஏடிஆர் என்றோ ஏ320 என்றோ போட்டிருக்கும்.

ஏடிஆர் உயரத்துக்குப் போய்ச் சீராகப் பறக்கும்போது வேகம் மணிக்குச் சுமார் 275 கடல் மைல், 510 கிலோமீட்டர். ஏ320 மாதிரி ஜெட் என்றால் 450 கடல் மைல், 830 கிலோமீட்டர் போல. 286ஐ 275ஆல் வகுத்தால் 62 நிமிடம். அப்படியென்றால் டிக்கெட்டில் ஏன் ஒன்றரை மணி நேரம்?

டிக்கெட்டில் போடுவது பறக்கும் நேரம் இல்லை. விமானம் நின்ற இடத்தை விட்டு நகரத் தொடங்குவதிலிருந்து, போன இடத்தில் நின்று சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் வரை உள்ள நேரம், பிளாக் டைம் என்பார்கள். இதில் தரையில் ஊர்ந்து போவதும், சென்னை மாதிரி இடத்தில் ரன்வே முனையில் முறைக்குக் காத்திருப்பதும், மேலே ஏறும்போது முழு வேகம் எடுக்க முடியாததும், இறங்கும்போது வேகத்தைக் குறைப்பதும், ரன்வேக்கு நேராக வர ஒரு வளைவு போடுவதும் எல்லாம் சேரும். அதோடு விமானம் மேப்பில் நாம் போட்ட கோட்டிலேயே போகாது, வானத்திலும் வழிகள் இருக்கின்றன, குறித்த புள்ளிகளைத் தொட்டுத்தான் போக வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்து 25 முதல் 30 நிமிடம் வைத்தால் நம்ம பக்கத்துக் குறுகிய தூரங்களுக்குச் சரியாக வரும். 62ம் 28ம் சேர்ந்தால் 90. ஒன்றரை மணி நேரம்.

இதே முறையில் மற்றதையும் போடுங்கள். திருவனந்தபுரம் - சென்னை 331 கடல் மைல், ஜெட்டில் 44 நிமிடம், அதோடு 30, மொத்தம் ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டி. மதுரை - சென்னை 225 கடல் மைல், ஜெட் என்றால் ஒரு மணி நேரத்தை ஒட்டி, ஏடிஆர் என்றால் 1 மணி 20 நிமிடம். கவனித்தீர்களா, வாகைக்குளத்தைவிட 85 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் திருவனந்தபுரத்திலிருந்து கால் மணி நேரம் முன்னாலேயே சென்னையில் இறங்கிவிடலாம். அதைப் பார்த்துவிட்டு 'திருவனந்தபுரம்தான் சீக்கிரம்' என்று பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இனி வருகிறேன்.

அதற்கு முன் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் காற்று எப்படி வீசும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை, கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். இவ்வளவு காற்றில் நேரம் நிறைய மாறுமோ என்று தோன்றும். மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் எதிர்காற்று அடித்தால் ஏடிஆரின் 275 வேகம் 255 ஆகும், 62 நிமிடம் 67 நிமிடமாகும். ஐந்து நிமிடம், அவ்வளவுதான். காற்று முக்கியமாக மாற்றுவது இறங்கும் திசையை. விமானம் எப்போதும் எதிர்காற்றில்தான் இறங்கப் பார்க்கும், வாகைக்குளம் ரன்வே ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது, மேற்கிலிருந்து காற்று வீசும் மாதங்களில் தூத்துக்குடிப் பக்கமாகச் சுற்றி வந்து மேற்கே பார்த்து இறங்கும். பகல் என்றால் உப்பளங்களின் பாத்தி பாத்தியான வெள்ளையைப் பார்க்க ஜன்னலோரம் உட்காருங்கள்.

தரையில் போகும் நேரம்

இதுதான் நெல்லைக்காரர்களுக்கு உண்மையான கணக்கு.

கேடிசி நகரிலிருந்து வாகைக்குளம் சுமார் 30 கிலோமீட்டர், ஜங்ஷனிலிருந்து என்றால் 35, 40 வரும். நான்கு வழிச்சாலை, காரில் 40 நிமிடம், நகரத்துக்குள்ளிருந்து கிளம்பினால் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வல்லநாடு ஆற்றுப் பாலத்தில் பழுது பார்க்கிறார்கள் என்றால் இரண்டு திசை வண்டியையும் ஒரே பக்கமாக விடுவார்கள், முந்தின நாளே யாரிடமாவது கேட்டுவிடுவது நல்லது. பஸ்ஸில் போவதும் நடக்கக்கூடியதுதான், தூத்துக்குடி பஸ்ஸில் ஏறுவதற்கு முன் வாகைக்குளத்தில் நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், எண்ட் டு எண்ட் வண்டி நிற்காமல் தூத்துக்குடிக்கே கொண்டுபோய்விடும். மெயின் ரோட்டில் இறங்கி டெர்மினல் வரை போக வேண்டியதும் இருக்கிறது, பெட்டி கனமாக இருந்தால் கார்தான்.

மதுரை விமான நிலையம் ஜங்ஷனிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர், திருமங்கலம் என்று நேரான சாலை, இரண்டரை மணி நேரம். மதுரை ஊருக்குள் போகத் தேவையில்லை, விமான நிலையம் ஊருக்குத் தெற்கே பெருங்குடி பக்கம் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து போகிறவர்களுக்கு அருப்புக்கோட்டை சாலை நேரே அங்கேதான் கொண்டுபோய் விடும்.

திருவனந்தபுரம் நாகர்கோவில் வழியாக ஏறக்குறைய அதே 150 கிலோமீட்டர்தான், ஆனால் அதே நேரம் இல்லை. நாகர்கோவில் வரை வண்டி வேகமாகப் போகும், அதற்கப்புறம் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று கடைவீதியும் வளைவுமாக வண்டி ஊர்ந்துதான் போகும். மூன்றரை மணி நேரத்துக்குக் குறைத்துக் கணக்குப் போடாதீர்கள். கல்யாண முகூர்த்த நாள், ஓணம் சமயம் என்றால் இன்னும் அரை மணி நேரம் சேருங்கள்.

இப்போது கூட்டிப் பார்ப்போம். பாளையங்கோட்டை வீட்டிலிருந்து மயிலாப்பூர் வீட்டுக்கு. வாகைக்குளம் வழி: போக முக்கால் மணி, அங்கே ஒன்றரை மணி முன்னால், விமானம் ஒன்றரை மணி, இறங்கிப் பெட்டி எடுக்க அரை மணி, அங்கிருந்து வீட்டுக்கு ஐம்பது நிமிடம். ஐந்து மணி நேரம். மதுரை வழி அதே மாதிரிக் கூட்டினால் ஆறரை மணி நேரம் போல. திருவனந்தபுரம் வழி ஏழரை மணி நேரம், வாகைக்குளத்தைவிட வானத்தில் இருக்கும் நேரம் குறைந்த வழியில்தான் இப்படி. வந்தே பாரத் காலையில் நெல்லையில் ஏறினால் எழும்பூருக்கு ஏறக்குறைய எட்டு மணி நேரம், 650 கிலோமீட்டர், இரண்டு பக்கமும் ஆட்டோ நேரம் சேர்த்தால் ஒன்பது. தாம்பரத்தில் இறங்குகிறவர்களுக்கு அதிலும் குறையும். அப்பா அம்மா வயதானவர்கள், மூட்டை முடிச்சு நிறைய என்றால், என்னைக் கேட்டால் நெல்லை எக்ஸ்பிரஸ்தான், ராத்திரி படுத்தால் காலையில் சென்னை, தூங்குகிற நேரத்தைப் பயண நேரமாக எண்ண வேண்டியதில்லை.

ஆனால் இது பாளைக் கணக்கு. நம்ம பக்கத்தில் எந்த மூலையில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும்.

தென்காசியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் நேர்கோட்டில் 70 கிலோமீட்டர்கூட இல்லை. சாலையில் செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழா, பாலோடு, நெடுமங்காடு என்று 110 கிலோமீட்டர் போல வருகிறது, மலைப்பாதை, மழைக்காலத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேலேயும் ஆகும். வாகைக்குளத்துக்கு 90 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, சமதளம், இரண்டேகால் மணி நேரம். சென்னை போக வாகைக்குளம்தான். ஆனால் கடையநல்லூர், தென்காசி, மேலப்பாளையத்திலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்கள் திருவனந்தபுரத்தை விடுவதில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது, அங்கிருந்து நேரே போகலாம், சென்னையில் இறங்கி மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டாம்.

பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் பக்கம் இன்னும் வேடிக்கை. பாபநாசத்திலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் நேர்கோட்டில் வெறும் 55 கிலோமீட்டர், நெல்லை ஜங்ஷன் போவதைவிடச் சில கிலோமீட்டர்தான் அதிகம். ஆனால் நடுவில் பொதிகை மலை நிற்கிறது, களக்காடு முண்டந்துறைக் காடு, வண்டிப் பாதை கிடையாது. அம்பை, தென்காசி, செங்கோட்டை என்று சுற்றினால் 130 கிலோமீட்டருக்கு மேல். மேப்பில் கோடு போட்டுப் பார்த்து ஏமாற வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு ஆட்களுக்கு வாகைக்குளம் 80 கிலோமீட்டர் போல, திருவனந்தபுரம் நூறு சொச்சம். உள்நாட்டுக்கு வாகைக்குளம், வெளிநாட்டுக்குத் திருவனந்தபுரம் என்று பிரித்துக்கொள்ளலாம். கோவில்பட்டிக்காரர்கள் வடக்கேயும் போகலாம், தெற்கேயும் போகலாம், நேரம் தோதாக எந்த விமானம் இருக்கிறதோ அதைப் பிடியுங்கள், மதுரையில் விமானங்கள் அதிகம். திருச்செந்தூர், காயல்பட்டினம் என்றால் யோசிக்கவே வேண்டாம், வாகைக்குளம் 40 கிலோமீட்டர்தான்.

ஏடிஆரில் ஏறும்போது

இந்த விமானத்துக்கென்று சில சங்கதிகள் உண்டு, தெரிந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் மிச்சமாகும். பயணிகள் ஏறி இறங்கும் கதவு பின்பக்கம் இருக்கிறது, ஜெட்டில் முன்னால் உட்கார்ந்தால் சீக்கிரம் இறங்கலாம் என்ற பழக்கத்தில் முன் இருக்கைக்குக் கூடுதல் காசு கொடுத்துவிடாதீர்கள், இங்கே கடைசி வரிசைதான் முதலில் இறங்கும். அதிலும் சென்னையில் பெரும்பாலும் டெர்மினலுக்குத் தள்ளி நிறுத்திப் பஸ்ஸில் ஏற்றுவார்கள், எல்லோரும் ஏறிய பிறகுதான் பஸ் கிளம்பும், ஆக அந்த அவசரமும் ரொம்பத் தேவையில்லை. மேலே பெட்டி வைக்கும் இடம் சின்னது. சக்கரம் வைத்த கைப்பெட்டி அதில் நுழையாவிட்டால் படிக்கட்டுப் பக்கமே வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள், அப்புறம் அதற்காகவும் பெல்ட் முன்னால் நிற்க வேண்டும். ஒரு நாள் பயணம் என்றால் தோளில் மாட்டும் பை போதும். ஊறுகாயும் எண்ணெயும் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள், கவுன்டரில் போடும் பெட்டியில் வையுங்கள். கொப்பரையை எதிலும் வைக்காதீர்கள், எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் என்று விடமாட்டார்கள்.

தாமதம்

வாகைக்குளத்தில் உங்களை ஏற்றும் விமானம் பெரும்பாலும் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்து இறங்கி, ஆள் மாற்றி, அரை மணி நேரத்துக்குள் திரும்புகிற அதே விமானம்தான். ஆகவே அது அங்கே எப்போது கிளம்பியது என்று பார்த்தால் உங்கள் விமானம் எப்போது கிளம்பும் என்று தெரிந்துவிடும். ஃபிளைட்ரேடார்24 மாதிரி ஆப்பில் விமான எண்ணைப் போடுங்கள். அது சென்னையை விட்டு இன்னும் நகரவில்லை என்றால் குறைந்தது இரண்டு மணி நேரம் இருக்கிறது. ஆனால் அதை நம்பி வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள், தாமதம் என்று விமான நிறுவனமே நேரத்தை மாற்றிச் சொல்லாத வரை கவுன்டரைப் பழைய நேரப்படிதான் மூடுவார்கள், பெரும்பாலும் கிளம்பும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால். அதே ஆப்பில் கடந்த சில நாட்களின் உண்மையான பயண நேரமும் கிடைக்கும், நாம் போட்ட கணக்கு சரியா என்று அதை வைத்துச் சரிபார்க்கலாம். பிளாக் டைமில் விமான நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாகவே நேரம் வைத்திருப்பார்கள், அதனால் பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பியும் சரியான நேரத்துக்கு இறங்குவதை அடிக்கடி பார்க்கலாம்.

இந்த பிளாக் டைமுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, பிளாக் டைம் இரண்டரை மணி நேரம் வரை உள்ள பயணத்தில் இரண்டு மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமானால் காத்திருக்கும் பயணிக்குச் சாப்பாடோ சிற்றுண்டியோ தர வேண்டும். நம்ம ஊர் உள்நாட்டு விமானங்கள் கிட்டத்தட்ட எல்லாம் இந்த வரம்புக்குள்தான். கவுன்டரில் போய்க் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பயணம் என்றால் கணக்கில் இடைவெளி விடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது நினைவிருக்கும், ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது, சாலைகள் உடைந்தன, விமானங்களும் ரத்தாயின. அவ்வளவு போகாவிட்டாலும், மேகம் தாழ்ந்து ரன்வே தெரியாமல் போனால் விமானம் மதுரைக்கோ திருச்சிக்கோ திருப்பிவிடப்படலாம். நேர்முகத் தேர்வு, விசா, ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் மாதிரி வேலைக்கு அந்த மாதங்களில் முந்தின நாளே போய்விடுங்கள். வாகைக்குளத்திலிருந்து போய்ச் சென்னையில் வெளிநாட்டு விமானம் மாறுகிறவர்கள், இரண்டு டிக்கெட்டும் தனித்தனியாக எடுத்திருந்தால் நடுவில் ஐந்து மணி நேரமாவது விடுங்கள், ஒரே டிக்கெட்டாக எடுத்தால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு அவர்களுடையது.

திருவனந்தபுரம் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். அங்கே டெர்மினல் இரண்டு, ரன்வேக்கு இரண்டு பக்கமும் இருக்கின்றன, ஒன்று சங்குமுகம் கடற்கரைப் பக்கம், இன்னொன்று சாக்கை பக்கம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போக முடியாது, வண்டியில் சுற்றித்தான் போக வேண்டும், ஆகவே டிரைவரிடம் எந்த டெர்மினல் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டாவது, வருடத்துக்கு இரண்டு தடவை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாப சுவாமி ஆறாட்டு ஊர்வலம் ரன்வேயைத் தாண்டித்தான் சங்குமுகம் கடலுக்குப் போகும். அன்றைக்குச் சில மணி நேரம் விமான நிலையத்தையே மூடிவிடுவார்கள், விமான நேரங்கள் முன்பின் மாறும். தேதி முன்கூட்டியே தெரிந்துவிடும், டிக்கெட் எடுப்பதற்கு முன் அந்த நாளா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து துபாய், ஷார்ஜா போகிறவர்கள் டிக்கெட்டில் கிளம்பும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் கழித்துப் பயண நேரம் கண்டுபிடிக்காதீர்கள். இரண்டும் அந்தந்த ஊர் நேரம். அமீரகம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். பத்து மணிக்குக் கிளம்பி பன்னிரண்டரைக்குச் சேரும் என்று இருந்தால் அது இரண்டரை மணி நேரப் பயணம் இல்லை, நான்கு மணி நேரம். திரும்பி வரும்போது அதே ஒன்றரை மணி நேரத்தைக் கழிக்க வேண்டும். ஊரிலிருந்து கூப்பிட வருகிறவர்களிடம் சேரும் நேரத்தை மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள், வெளிநாட்டிலிருந்து வருகிற விமானத்தில் குடியேற்றச் சோதனை, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், அவர்கள் நாகர்கோவிலில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வரலாம்.